ஒரே கப்பல், வெவ்வேறு கடைகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் விற்பனைக்கு வரும் பண்டங்களில் மிகப் பெரும்பகுதி, எந்தக் கடையின் அலமாரியில் போய் அமர்ந்தாலும், சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டித்தான் வந்து சேர்கிறது. கப்பல் கரை தொட்டால் எல்லாக் கடைகளுக்கும் வெங்காயம் வருகிறது. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிக் கப்பல் தாமதித்தால் எல்லாக் கடைகளிலும் வெங்காயம் ஏறக்குறைய ஒரே நாளில் தீர்கிறது. மலிவான கொள்முதல், தடையற்ற சரக்கு வரத்து, போட்டியாளரைவிடக் குறைந்த விலை ஆகிய மூன்றையும் ஒரு கடையின் வெற்றிக்கு அடிப்படையாகச் சொல்வது வணிகப் பாடநூல்களின் வழக்கம். ஆனால் தீவில் இந்த மூன்றையும் கப்பல் அட்டவணை பெரும்பாலும் சமப்படுத்திவிடுகிறது. அப்படிச் சமமான பின்னும் ஒரே தெருவில் ஒரு கடை தலைமுறை தாண்டி நிற்கவும், பக்கத்துக் கடை சில ஆண்டுகளில் கதவை இழுத்துச் சாத்தவும் நேர்கிறது என்றால், அந்த வேறுபாட்டைச் சரக்கில் தேடிப் பயனில்லை. வாங்குபவரைப் பற்றிக் கடைக்காரர் அறிந்து வைத்திருப்பதில்தான் அது இருக்கிறது.

இங்கே பண்பாடு என்ற சொல் ஆடல் பாடலையும் கைவினையையும் மட்டும் குறிப்பதன்று. ஒரு குடும்பம் எந்த எண்ணெயில் தாளிக்கிறது, எந்த மாதத்தில் புதுத்துணி எடுக்கிறது, கடனை எதைக் கொண்டு எண்ணுகிறது, எது கைவசம் இருந்தால் தன்னைச் செல்வமுடையதாக நினைக்கிறது என்பன போன்ற அன்றாடப் பழக்கங்களின் தொகுப்பையே அது குறிக்கிறது. இந்தப் பழக்கங்கள் கடையைத் தீர்மானிக்கும் விதத்தை இத்தீவுகள் காட்டுவது போல வேறு இடங்கள் தெளிவாகக் காட்டுவதில்லை. காரணம் எளிது: அந்தமானில் ஒரு கல்லாவின் முன் ஆறேழு மொழிக்காரர்கள் நிற்கிறார்கள், நிக்கோபாரிலோ நாணயம் புழங்காத காலத்திலேயே வணிகம் செழித்திருந்தது.

அபர்டீன் பஜார்

ஆங்கிலேய அரசு 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது அங்கே வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. கைதிகளும் காவலர்களும் அதிகாரிகளும் மட்டுமே இருந்தனர். நன்னடத்தையுடன் குறிப்பிட்ட காலத்தைக் கழித்த கைதிக்கு, சிறைக் கொட்டகையை விட்டு ஊருக்குள் குடியேறித் தன் உழைப்பால் பிழைத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அப்படிப்பட்டவர்களை நிர்வாகம் தன்னிறைவாளர் என்ற பொருள்படும் பெயரால் பதிவு செய்தது. உழவிலும் கைத்தொழிலிலும் சிறுகடையிலும் இறங்கிய இவர்களே தீவின் முதல் சில்லறை வணிகத்துக்கு இரு பக்கமும் ஆனார்கள், அதாவது விற்றவர்களும் வாங்கியவர்களும் அவர்களே. அங்கே புழங்கிய பணம்கூடத் தனியானது. 1861 என்று ஆண்டு பொறித்து அந்தக் குடியிருப்புக்கென வெளியிட்ட செப்பு வில்லைகள் ஒரு ரூபாய் மதிப்புடையவை என்றாலும் தீவை விட்டு வெளியே செல்லாதவை.

சாதி, மதம், மொழி என்ற மூன்று வேலிகளையும் தாண்டி இந்தக் கைதிகள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டதால் பிறந்த சந்ததியினரை இன்றும் தீவில் ‘லோக்கல் பார்ன்’ என்றே அழைக்கிறார்கள்; 1942இல் ஜப்பானியர் வருவதற்கு முன்பே தீவில் வேரூன்றிய குடும்பங்கள் என்பது அச்சொல்லின் இன்றைய பொருள். அவர்களுடைய வீட்டுமொழியாக அமைந்த இந்துஸ்தானியே, அபர்டீன் பஜார் என்னும் போர்ட் பிளேர்க் கடைத்தெருவின் மொழியாகவும் ஆயிற்று. இராமநாதபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ போன தமிழ்க் கடைக்காரர், வங்காளி வாடிக்கையாளரிடம் இந்தியிலும், அருகில் நிற்கும் மனைவியிடம் தமிழிலும், சரக்குக் கப்பல் முகவரிடம் தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேசும் காட்சி தீவில் எவரையும் வியக்கவைப்பதில்லை. இந்தி எதிர்ப்பு அரசியலில் வளர்ந்த ஒரு சமூகத்தின் மக்கள் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்ததும் அந்த மொழியை இயல்பாக ஏற்றுக்கொண்டது, கொள்கையைக் காட்டிலும் வாடிக்கையாளர் வலியவர் என்பதற்குச் சான்றாகலாம்.

பின்னர் வந்த குடியேற்றங்கள் கடைத்தெருவை இன்னும் சிக்கலாக்கின. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்கள் மலப்புறம், மஞ்சேரி, வண்டூர் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே தென் அந்தமான் கிராமங்களுக்கு இட்டார்கள். 1918 முதல் காட்டு வேலைக்காக இராஞ்சிப் பகுதிப் பழங்குடியினர் அழைத்துவரப்பட்டனர். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் மாயாபந்தர் அருகே குடியேறினர். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் தொகுதி தொகுதியாக வந்து திக்லிபூர் முதல் நீல் தீவு வரை நெல் வயல்களை உருவாக்கினர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளின் 3,80,581 மக்களில் வங்காளியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி 8, மலையாளம் 7 சதவீதம். பாதியைத் தாண்டிய மொழி எதுவும் இல்லை என்பதே இந்த எண்களில் கடைக்காரருக்குத் தேவையான செய்தி: ஒரு சமூகத்தை மட்டும் நம்பிக் கடை நடத்தினால், நான்கில் மூன்று பேர் வாசலைக் கடந்து போய்விடுவார்கள்.

இதன் விளைவை மளிகைக் கடையின் எண்ணெய் அடுக்கில் பார்க்கலாம். வங்காளிக்குக் கடுகெண்ணெய் இல்லாமல் மீன் குழம்பு இல்லை. தமிழருக்கு நல்லெண்ணெய் வேண்டும். மலையாளிக்குத் தேங்காய் எண்ணெய். தெலுங்கருக்குக் கடலை எண்ணெய். தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் இரண்டு வகை எண்ணெய் வைத்து ஒரு கடை தாராளமாக ஓடிவிடும்; போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம்) அதே அளவு கடை நான்கு வகையை வைத்தாக வேண்டும். ஒவ்வொரு வகையிலும் முதலீடு முடங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் வாங்குவோர் குறைவு. சரக்கு முடக்கம் என்று கணக்கியலார் குறைபாடாகக் கருதுவதைத் தீவுக் கடைக்காரர் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கும் செலவாகக் கருதுகிறார். எண்ணெய்க்காக வரும் வங்காளிக் குடும்பம் சோப்பையும் தேயிலையையும் அங்கேயே வாங்கிச் செல்லும் என்பதால் அவர் கணக்கும் தவறானதன்று.

எண்ணெயைப் போலவே நாட்காட்டியும். துணிக்கடைக்குத் தமிழ்நாட்டில் தீபாவளி ஒன்றே ஆண்டின் உச்சம். அபர்டீன் பஜாரில் பொங்கல், ரம்ஜான், ஓணம், துர்கா பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று விற்பனை பல சிறு குன்றுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பங்குனி உத்திரத்துக்குத் தமிழர் காவடி எடுக்கும் வாரத்தில் பூவுக்கும் பூஜைப் பொருளுக்கும் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும் அதே கடைக்காரர், டிசம்பரில் இராஞ்சிக் குடும்பங்களுக்கும் நிக்கோபாரியருக்கும் வேண்டியதை நவம்பர்க் கப்பலிலேயே ஏற்றிவிட வேண்டும். கப்பல் தவறினால் பண்டிகை காத்திருக்காது. ஆகவே பிற சமூகங்களின் பண்டிகை எந்தத் தேதியில் விழுகிறது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்வது இங்கே நல்லெண்ணச் செயல் அன்று, கொள்முதல் திட்டமே அதுதான்.

கடனும் இவ்வாறே தீவுக்கே உரிய வடிவம் கொண்டது. வேலைவாய்ப்பில் அரசு நிர்வாகத்தின் பங்கு மிகப் பெரிது என்பதால், பற்று நோட்டில் ஏறிய தொகை மாதத்தின் முதல் வாரத்தில் தீரும் என்று கடைக்காரர் எதிர்பார்க்கலாம். கடன் வாங்கியவர் சொல்லாமல் ஊரை விட்டுப் போவதற்கும் கப்பல் சீட்டோ விமானச் சீட்டோ வேண்டும் என்பதால், கடல்தான் இங்கே பாதி ஜாமீன்.

தேங்காய்க் கணக்கு

அந்தமானில் வணிகம் குடியேறியவர்களோடு வந்தது. நிக்கோபாரில் அது குடிகளுடையதாகவே இருந்தது. இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படும் இத்தீவுகளில், வெளியார் கடை வைப்பதற்கு மிக முன்பே, சௌரா என்னும் சிறு தீவு ஒரு தனி உரிமை வணிகத்தை நடத்தி வந்தது. பானை வனையும் உரிமை சௌராப் பெண்களுக்கு மட்டுமே உண்டு, வேறு தீவில் எவரேனும் வனைந்தால் அவருக்குச் சாவு நேரும் என்பது நிக்கோபாரியர் அனைவரும் ஏற்றிருந்த நம்பிக்கை. பானைக்கான களிமண் சௌராவில் கிடைப்பதுமில்லை. அண்டையிலுள்ள தெரசாத் தீவிலிருந்து ஓடங்களில் கொண்டுவரப்பட்டது. மூலப்பொருள் பக்கத்துத் தீவில், வாங்குவோர் கார் நிக்கோபார்த் தீவில், இடையே ஆபத்தான கடல்: பொருளியல் நோக்கில் சௌராவுக்குச் சாதகமாக எதுவுமே இல்லை. ஆயினும் மந்திர ஆற்றல் மிக்கவர்களின் இருப்பிடம் என்ற அச்சம் கலந்த மதிப்பு அத்தீவுக்கு இருந்ததால், கார் நிக்கோபார் மக்கள் பருவந்தோறும் கடல் கடந்து அங்கே சென்று பானைகளையும் ஓடங்களையும் பெற்றுவந்தார்கள். அந்த ஓடங்களும் பெரும்பாலும் நன்கௌரிப் பகுதித் தீவுகளில் குடையப்பட்டவை. சௌரா இடைத்தரகர் மட்டுமே. முத்திரைப் பெயர் ஒன்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் இன்றைய நுகர்வோரை எள்ளுவதற்கு முன் சௌராவின் பானையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வெளியார் கப்பல்கள் நிக்கோபாரைத் தேடி வந்தது தேங்காய்க்காக. பர்மா, பினாங்கு, கல்கத்தா, மேற்குக் கரை ஆகிய இடங்களிலிருந்து வந்த வணிகர்கள் அரிசி, புகையிலை, துணி, இரும்புக் கருவி ஆகியவற்றைக் கொடுத்துத் தேங்காயை ஏற்றிச் சென்றார்கள். கமோர்ட்டாவில் 1869 முதல் 1888 வரை நீடித்த தண்டனைக் குடியிருப்பில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மான், நிக்கோபாரியர் தேங்காயை இணை இணையாகவும் இருபது இருபதாகவும் எண்ணியதையும், கணக்கைப் பிரம்புக் கீற்றில் வெட்டுக் குறிகளாகப் பதித்து வைத்ததையும் எழுதியிருக்கிறார். வெற்றிலையைக் கவுளியாக எண்ணிப் பழகிய தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய எண்முறையைக் கேட்கும். அந்த எண்முறையைக் கற்றுக்கொண்ட வணிகருக்குத்தான் தேங்காய் கிடைத்தது.

எதை விற்பது என்பதில் வணிகர்களுக்குப் பெரிய புதிர் காத்திருந்தது. அரிசியும் புகையிலையும் சரி. ஆனால் நன்கௌரித் தலைவர்கள் விரும்பிக் கேட்டவை வெள்ளிக் கரண்டிகள், சிவப்புத் துணி, ஐரோப்பியர் அணியும் உயரமான பட்டுத் தொப்பிகள். நாகரிக மோகம் என்று கப்பல்காரர்கள் சிரித்திருக்கக்கூடும். உண்மையான காரணம் சாவுச் சடங்கில் இருந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய பாத்திரங்களும் கருவிகளும் மதிப்புமிக்க உடைமைகளும் உடைக்கப்பட்டுப் புதைகுழியருகே வைக்கப்பட்டன. செல்வம் மகனுக்குப் போகாமல் மண்ணுக்குப் போயிற்று. வாரிசுக்குப் போகாத பொருளை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக வாங்கியாக வேண்டும். எனவே கரண்டியின் தேவைக்கு முடிவே இல்லை. சாப்பாட்டு மேசையே இல்லாத தீவில் கரண்டி விற்ற வணிகரின் வெற்றி, அந்தத் தீவில் மனிதர்கள் எப்படி அடக்கம் செய்யப்படுகிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்ததில் அடங்கியிருந்தது.

இதற்கு நேர்மாறான பாடமும் அங்கேயே கிடைத்தது. தேங்காயின் விலையை உயர்த்தினால் கூடுதல் தேங்காய் வரும் என்பது வணிகரின் எதிர்பார்ப்பு. நிக்கோபாரியருக்கோ தேங்காய் முதலில் உணவு, அடுத்துப் பன்றிக்குத் தீனி, அதன்பின்தான் விற்பனைப் பொருள். இறந்தோரின் எலும்பைத் தோண்டி எடுத்து மரியாதை செய்யும் பெருவிழா போன்றவற்றுக்கு ஏராளமான பன்றிகள் வேண்டும். விழா நெருங்கும்போது தேங்காய் பன்றிக்குப் போகும், எந்த விலையும் அதைக் கப்பலுக்குத் திருப்பாது. போதிய வருமானம் கிடைத்த பின் கூடுதல் விலை கூடுதல் சரக்கைக் கொண்டுவராமல் போகும் இந்த நிலையைப் பொருளியலார் பின்னோக்கி வளையும் அளிப்பு என்பார்கள். தேவைக்கு மேல் விற்பதில் அந்த மக்களுக்கு அக்கறை இருக்கவில்லை என்று சொன்னாலே போதும். தேங்காயைப் பெற முன்பணமாகப் பண்டங்களைக் கொடுத்துக் கடனில் கட்டிப்போடும் வழக்கத்தை வணிகர்கள் கையாண்டதற்கும், அதைக் கட்டுப்படுத்த ஆங்கிலேய நிர்வாகம் கப்பல்களுக்கு உரிமச் சீட்டு முறையைக் கொண்டுவந்ததற்கும் பின்னணி இதுவே.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். சென்னைப் பகுதியைச் சேர்ந்த கிறித்தவ உபதேசியார் வேதப்பன் சாலமன் 1890களின் பிற்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அரசு முகவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். பள்ளி நடத்தியதோடு, வந்துபோகும் வணிகக் கப்பல்களைக் கண்காணிப்பதும் அவர் கடமையாக இருந்தது. அவருடைய மாணவரான சிறுவன் பர்மாவின் மாண்டலேவுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரில் திரும்பி, நிக்கோபாரி மொழியில் விவிலியத்தைப் பெயர்த்து, 1950இல் ஆயராகி, 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆனார். கிறித்தவம் பரவியபோது கடையின் சரக்கும் மாறிற்று: உடைமைகளை உடைக்கும் சடங்கு தேய்ந்தது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளாடையும் கிறிஸ்துமஸ் விருந்தும் வந்தன.

நாடு விடுதலை பெற்ற பின்னும் நிக்கோபார் வணிகம் திறந்த சந்தையாக விடப்படவில்லை. அக்கூஜி ஜாத்வெட் என்ற குஜராத்தி வணிகக் குடும்பத்தின் நிறுவனம் உரிமம் பெற்று அங்கே நீண்ட காலம் கொப்பரை வாங்கிப் பண்டம் விற்றது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நிலம் பெறுவதையும் உரிமமின்றி வணிகம் செய்வதையும் தடுத்தது. அதன் நிழலில் கார் நிக்கோபாரில் எலோன் ஹினெங்கோ, நன்கௌரியில் மனுலா மத்தாய் போன்ற நிக்கோபாரியர் கூட்டுறவு நிறுவனங்கள் வளர்ந்தன. கொப்பரையை வாங்குவதும் அரிசியும் சர்க்கரையும் துணியும் விற்பதும் ஒரே அமைப்பு என்பதால், விளைச்சலுக்கும் வீட்டுச் செலவுக்கும் இடையே இன்னொருவர் நுழைய வேண்டியிருக்கவில்லை. இந்தக் கூட்டுறவுகள் பதிவாளர் அலுவலகத்தின் விதிகளைவிடத் துஹேட் என்னும் அமைப்பின் மீதுதான் நின்றன என்று கருத இடமுண்டு. துஹேட் என்பது தோப்பையும் பன்றிகளையும் பொதுவில் வைத்திருக்கும் கூட்டுக்குடும்பம். கடனும் வரவும் தனிமனிதர் பெயரில் அல்லாமல் துஹேட்டின் பெயரில் நிற்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த அமைப்பின் அடித்தளத்தையே அரித்துச் சென்றது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கரையோரத் தோப்புகள் அழிந்தன. 2001இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011இல் 36,842 ஆகக் குறைந்தது. நிவாரணம் தனித்தனிக் குடும்பங்களுக்கு வீடாகவும், வங்கிக் கணக்கில் பணமாகவும் வந்தது. நிக்கோபாரை நெடுங்காலம் ஆய்ந்த சிம்ரன் ஜித் சிங், பேரலைக்குப் பின் வந்த இந்த உதவியே இரண்டாவது பேரிடராக மாறியதை விரிவாக எழுதியிருக்கிறார். தேங்காயில் கணக்குப் பார்த்த மக்களின் கையில் திடீரெனப் பெருந்தொகை விழுந்தபோது மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சி, கைப்பேசி விற்பவர்களுக்கு அது பொற்காலம். ஆனால் அந்த விற்பனை மக்களின் வாழ்விலிருந்து எழுந்ததன்று, இழப்பீட்டிலிருந்து எழுந்தது. இழப்பீடு தீர்ந்ததும் விற்பனையும் வற்றிற்று.

கம்பிவடம் வந்த பிறகு

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் தீவுகளை இணைத்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே ஊர்ந்துவந்த இணையத்தில் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் பெரும் பொறுமைச் சோதனையாக இருந்தது. இன்று அபர்டீன் பஜாரின் சிறு பெட்டிக்கடையிலும் பணம் செலுத்துவதற்கான சதுரக் குறி (QR) ஒட்டப்பட்டிருக்கிறது; மெயின்லேண்ட் என்று தீவினர் குறிப்பிடும் பெருநிலத்தின் இணையக் கடைகளும் எட்டும் தொலைவில் வந்துவிட்டன. விலையில் அவற்றோடு தீவுக் கடைக்காரர் போட்டியிட முடியாது. சம்பள நாள் வரை பொறுத்திருப்பதும், பூஜைக்கு முந்தைய நாள் தீர்ந்துபோன ஒரு பொருளைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்தனுப்புவதும் அவருக்கு மட்டுமே இயலும். வாங்குபவரை அறியாத பெருங்கடைக்கு நேர்வதை வேறோர் இடத்திலும் பார்க்கலாம்: உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனமான வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, வாசலில் சிரித்து வரவேற்கும் ஊழியர், வாங்கிய பொருளைப் பையிலிட்டுத் தரும் உதவியாளர் என்று தன் நாட்டு உபசாரத்தை அப்படியே நிறுவி, அது அந்த ஊராருக்கு ஒட்டாமல் போக, வேறு சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, 2006இல் 85 கடைகளையும் விற்றுவிட்டு வெளியேறியது. அத்தனை பெரிய நிறுவனமாக இருந்தும் அதற்கு அங்கே வேர் பிடிக்கவில்லை.

தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள பெரிய நிக்கோபாரில், 1969 முதல் பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு, கேரளம் எனப் பல மாநிலங்களிலிருந்து முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. அந்தத் தீவின் மொத்த மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ எட்டாயிரம்தான். கேம்பல் பேயில் உள்ள கடைகள் அவர்களை நம்பியே இருக்கின்றன. கோதுமை மாவுக்கு யார் வருவார், புழுங்கலரிசிக்கு யார் வருவார் என்பது கடைக்காரருக்கு வீடு வீடாகத் தெரியும். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் என்று அரசு வகுத்துள்ள பெருந்திட்டம், அதே தீவில் வருங்காலத்தில் மூன்றரை லட்சம் பேர் வாழ்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எத்தனை லட்சம் பெட்டகங்கள் கையாளப்படும் என்பது வரைபடத்தில் இருக்கிறது. அந்த மூன்றரை லட்சம் பேர் எந்த எண்ணெயில் தாளிப்பவர்கள் என்பது கேம்பல் பே மளிகைக்காரருக்கு இன்னும் தெரியாது.